கேக் உறைக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஒழுங்கை முழுக்க இருமியது.

மிகைப்படுத்தவில்லை. மனிதர்கள் இருமினார்கள். முன்வீட்டு நாய் தும்மித் தும்மி வாலைக் கடித்தது. சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர் ஒழுங்கைக்குள் திரும்பாமல் தெருச்சந்தியிலேயே இறங்கிவிட்டார். சாரத்தின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்தையப்பா கொளுத்துறியள்?" என்று தூரத்தில் நின்றே கத்தினார்.

என்னத்தைக் கொளுத்தினோம்?

ஒரு கேக் சுட்டோம். அவ்வளவுதான்.

அதுவும் வாழைப்பழக் கேக். கோதுமை மா, சீனி, முட்டை, மாஜரின், தோல் கறுத்த கதலிப்பழம். இதில் எது ஊரை இருமவைக்கும்? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கோபம் இருக்கிறது, அதைக் கொட்டிவிட்டு வருகிறேன். இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்கு இது புதிதில்லை.

'காலைச் சாப்பாட்டுக்குச் சுலபமாக ஏதாவது எழுதுங்களேன், எப்போது பார்த்தாலும் யாரையாவது ஏசிக்கொண்டிருக்கிறீர்களே' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சரி, எழுதலாம் என்று போனைத் திறந்து பார்த்தேன். அதில் எல்லாமே 'ஐந்தே நிமிடத்தில் காலை உணவு'தான். அந்த வீடியோவில் சிரிக்கிற பிள்ளை சமைக்கத் தொடங்கும்போதே வெங்காயம் வெட்டியாகிவிட்டது. தேங்காய் துருவியாகிவிட்டது. மா வறுத்து, அரித்து, ஆறவைத்தாகிவிட்டது. ஐந்து நிமிடம் எதற்கு? சிரிப்பதற்கா? அந்தச் சட்டி பானைகளைக் கழுவுவது யார்... அதற்கு வீடியோ இல்லை.

சுலபமான காலைச் சாப்பாடு என்று ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது. வேறு யாராவது செய்து தருவது.

சரி, கொட்டியாயிற்று. கேக்குக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீடு சரோசா அக்காவின் வீடு. நடுவில் ஒரு மதில், அவ்வளவுதான். அவருடைய கணவர் சிவஞானம் அண்ணை கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பங்குனியில் காலமாகிவிட்டார்.

அவர் இருந்தவரைக்கும் காலையில் எனக்கு மணிக்கூடு தேவைப்பட்டதில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு நான் பின்வாசலில் வந்து நிற்கவும் மதிலுக்கு அந்தப் பக்கம் தொடங்கவும் சரியாக இருக்கும்.

"சொதிக்கு உப்புக் கூட."

"நேற்று, குறைவெண்டனியள்!"

"நேற்றுக் குறைவு. இண்டைக்குக் கூட."

"அப்ப நீங்கள் சமையுங்கோ!"

இது ஒருநாள் நடந்ததில்லை. ஒவ்வொரு நாளும் நடந்தது. இடியப்பம் என்றால் அவிந்தது காணாது, அரைவேக்காடு. புட்டு என்றால் தேங்காய்ப்பூ காணாது. தோசை என்றால் ஒரு பக்கம் கருகல். மனிதர் ஒருநாளும் சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் வைத்ததில்லை... அது வேறு விஷயம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "பக்கத்து வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்பார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லை, காலைச் சாப்பாடு நடக்கிறது என்று சொல்வேன்.

அண்ணை போனபின் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஊர் சமைத்துக் கொடுத்தது. எங்கள் ஊரில் அதில் குறை சொல்ல முடியாது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் இடியப்பமும் புட்டும் வாளியிலும் பெட்டியிலும் வந்தபடியே இருக்கும். அந்தியேட்டிக்கு மறுநாள்? ஒருவரும் இல்லை. அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு. அதிலும் நான் குறை சொல்லவில்லை, நானும் அந்த ஊர்தான்.

ஆனால் நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள். எனக்குக் காது இருக்கிறது. திருவலையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கவில்லை. மூக்கும் இருக்கிறது. புட்டு அவிகிற மணம் வரவில்லை.

"அக்கா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

"என்ன ஓம்? என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஓம், சாப்பிட்டனான்."

போய்ப் பார்த்தால் மேசையில் ஒரு பிஸ்கற் பெட்டி, பக்கத்தில் பால் விடாமல் போட்டு ஆறிப்போன பிளேன்ரீ. மத்தியானத்துக்கும் அதுதான் போலத் தெரிந்தது.

பிஸ்கற்றைப் பார்த்து நான் பயப்படவில்லை. அந்த 'ஓம்'தான் என்னைப் பயப்படுத்தியது. சரோசா அக்கா எதற்கும் சட்டென்று ஓம் சொல்கிற மனுசி இல்லை. அவருடைய மாமரத்தின் கொப்பு ஒன்று மதில் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. எங்கள் கூரை ஓடுகளை உடைக்கிறது. அதை வெட்டவேண்டும் என்று நானும், தொட்டுப் பார் என்று அவரும் எத்தனையோ வருடமாகச் சண்டை பிடித்து வருகிறோம். ஆவணியில் ஒருநாள் சும்மா ஒரு பரிசோதனைக்குக் கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, உந்தக் கொப்பை வெட்டட்டோ?"

"ஓம், வெட்டன்."

கத்தி கையில் இருந்தது. வெட்டவில்லை. இப்படி வெல்வதற்கா இவ்வளவு காலம் சண்டை பிடித்தேன்?

பிறகு கௌரியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. கௌரி சரோசா அக்காவின் ஒரே மகள். கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறாள். கணவனுக்கும் வேலை, அவளுக்கும் வேலை.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. அம்மா சாப்பிடுறாவோ?"

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இல்லை" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இனி அவவை அங்கை தனிய விடேலாது. வாற ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"அம்மாட்டைக் கேட்டனீயோ?"

"கேட்டனான். ஓம் எண்டவ."

வந்ததே எனக்குக் கோபம்... யார் மேல் என்று தெரியாத கோபம். போனை வைத்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். சரோசா அக்கா கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

"கொழும்புக்குப் போறியளாம்?"

"ஓம்."

"போக விருப்பமோ?"

வாளியைக் கீழே வைத்தார். "இல்லை" என்றார்.

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"பிள்ளை போனிலை அழுகுது. வேற என்னத்தைச் சொல்லுறது? அங்கை நாலாம் மாடி. காலமை ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவினம். கதவைச் சாத்தினா எதிர்வீட்டிலை ஆரெண்டும் தெரியாது. நான் ஆரோடை கதைக்கிறது, சொல்லு பாப்பம்? இஞ்சையெண்டா, உன்ரை மூஞ்சையையாவது பாக்கலாம்."

அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"சரி அக்கா, கேளுங்கோ. பிள்ளை வந்து இறங்கேக்கை உங்கடை அடுப்படி அடுப்படியா இருக்கோணும். காலமைச் சாப்பாடு மேசையிலை இருக்கோணும். இனிப்பு ஒண்டும் பக்கத்திலை இருக்கோணும். அதைக் கண்டால் அவள் ஏன் உங்களைக் கூட்டிக்கொண்டு போறாள்?"

அக்காவின் முகம் இன்னும் சுருங்கியது. "அவளுக்குப் பயத்தம் பணியாரமெண்டாத்தான் உயிர். அதை நான் எப்பிடிச் சுடுறது? வருஷம் திரும்பேல்லையே."

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆட்டைத்திவசம் முடியும்வரை, அதாவது வருடம் திரும்பும்வரை, அந்த வீட்டில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. கறி தாளிக்கலாம். பலகாரத்துக்காக எண்ணெய் கொதிக்கக் கூடாது. தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும் சொந்தக்காரர்தான் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.

முதல் மாதத்துக்கு நல்ல வழக்கம்தான். யாருக்குப் பணியாரம் சுடக் கை வரும்? ஆனால் அரைவருடம் கழிந்தபிறகு, பலகாரம் சுட்டே பழகிய ஒரு மனுசியைப் பார்த்து, நீ கையைக் கட்டிக்கொண்டு இரு, மற்றவர்கள் சுட்டதைத் தின் என்றால்... அந்தக் கை என்ன செய்யும்? பிஸ்கற் பெட்டியைத் திறக்கும். வேறென்ன செய்யும்?

இந்த வழக்கத்துக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு காவல்காரியும் உண்டு. மங்கை அக்கா. செத்துப்போன சிவஞானம் அண்ணையின் தமக்கை, சரோசா அக்காவின் மச்சாள். ஒழுங்கை முகப்பில் வீடு. எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பதைத் தன் வீட்டு வாசலில் இருந்தே மூக்கால் கண்டுபிடிப்பார். அவரைத் தாண்டி ஒரு பணியாரம் சுட முடியாது.

அப்போதுதான் அடுப்படி மூலையில் அது என் கண்ணில் பட்டது.

ஒரு அவண். கரண்டில் வேலை செய்கிற, கண்ணாடிக் கதவு வைத்த நல்ல அவண். ஒரு தீபாவளிக்குக் கௌரி அனுப்பியது. மேலே கையால் பின்னிய ஒரு வெள்ளைத் துணி கதவையும் மூடிக்கொண்டு தொங்கியது. துணிக்கு மேலே அண்ணையின் ரேடியோ. ரேடியோவுக்குப் பக்கத்தில் அண்ணையின் மூக்குக்கண்ணாடி.

"உதிலை என்ன செய்யிறனீங்கள்?"

"உதோ? உது சும்மா நிக்குது."

"கௌரிக்குத் தெரியுமோ?"

"கேக் சுடுறனான் எண்டுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறன்."

"எப்ப சுட்டனீங்கள்?"

"ஒருக்காலும் இல்லை."

நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "அக்கா, உதிலை எண்ணெய்ச் சட்டி வைக்கிறேல்லைத்தானே?"

யோசித்தார். "இல்லை."

"எண்ணெய் கொதிக்குமோ?"

"இல்லை."

"அப்ப வழக்கம் எங்கை பிழைக்குது?"

பங்குனிக்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். சங்கக்கடை மனேச்சரின் பெண்சாதி அல்லவா, சட்டத்தில் ஒரு ஓட்டை கண்டால் வருகிற வெளிச்சம். உடனே அணைந்தும் போனது.

"மச்சாள் ஏதும் சொல்லுவா."

"சொல்லட்டும். நான் இருக்கிறன்."

நான் இருந்தேன். இருமிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடியவே போய்விட்டேன். கொழும்பு பஸ் வந்து, கௌரி ஓட்டோ பிடித்து எங்கள் ஊர் உடுவிலுக்கு வருவதற்குள் எல்லாம் முடியவேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு ரவைப் புட்டு என்று தீர்மானித்தோம். சுலபமாக ஏதாவது கேட்ட வாசகி கவனிக்கவும், இதுதான் உங்களுக்கான இடம். ரவையை நிறம் மாறாமல் வறுங்கள். ஆறட்டும். உப்புத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கிளறுங்கள். கையில் பிடித்தால் பிடிபடவேண்டும், விட்டால் உதிரவேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினீர்களோ, அது கூழ். என்னிடம் வந்து அழவேண்டாம். பிறகு தேங்காய்ப்பூ கலந்து ஆவியில் வையுங்கள். சீனியும் வாழைப்பழமும் போட்டுச் சாப்பிடலாம், தேங்காய் அரைத்த கட்டைச் சம்பலோடும் சாப்பிடலாம். மா அவிக்கத் தேவையில்லை, அரிக்கத் தேவையில்லை. இதைவிடச் சுலபம் பாண்தான்.

சரோசா அக்கா புட்டைப் பார்த்துக்கொண்டார். திருவலையில் தேங்காய் துருவுகிற சத்தம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்டது. நான் கேக்கைப் பிடித்துக்கொண்டேன். மாஜரினையும் சீனியையும் அடித்து, முட்டையை ஊற்றி, பழத்தை மசித்து... எல்லாருடைய செய்முறையிலும் ஒரு வசனம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 'அவணை முதலே சூடாக்கி வைத்திருங்கள்.' எழுதியிருப்பதைச் செய்கிறவள் நான். தொங்கிய துணியை மேலே மடித்துவிட்டுக் குமிழைத் திருகினேன். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. கதவைத் திறந்து பார்க்கவேண்டும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. முதலில் நல்ல மணம். வாயூறுகிற மணம். கேக் இவ்வளவு கெதியாக மணக்குமா என்று நினைத்தேன். பிறகுதான் கேக் இன்னும் என் கையில், கிண்ணத்தில் இருப்பது ஞாபகம் வந்தது.

சரோசா அக்கா துருவலை நிறுத்தி மூக்கை உயர்த்தினார். முகம் மாறியது.

"ஐயோ... மோர்மிளகாய்!"

"எங்கை?"

"அவணுக்கை!"

"அவணுக்கை ஏன் மோர்மிளகாய்?"

"வேற எங்கை வைக்கிறது? எறும்பு வராது, எலி வராது, காத்துப் போகாது!"

கதவைத் திறக்கவேண்டாம் என்று நான் சொல்லுமுன் அக்கா திறந்துவிட்டார்.

கருகிய மிளகாய்ப் புகை எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றப் பாதிக்குச் சொன்னாலும் விளங்காது. கண் தெரியவில்லை. மூச்சு விட முடியவில்லை. இரண்டு பேரும் கிணற்றடிக்கு ஓடினோம். நான் கேக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினேன். புகை மதில் தாண்டி, வேலி தாண்டி, ஒழுங்கைக்குள் இறங்கி வீடு வீடாகப் போனது. அப்போதுதான் ஊர் இருமியது. நாய் தும்மியது. பால்காரர் கத்தினார்.

ஒழுங்கை முகப்பில் இருந்து மங்கை அக்கா வந்தார்.

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, படலையைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தார். எழுபது வயது தாண்டியவர், இவ்வளவு வேகமாக நடந்து நான் கண்டதில்லை.

"சரோசா! எண்ணெய்ச் சட்டி வைச்சிட்டியோ? மோர்மிளகாயும் பொரிச்சு விருந்தோ நடக்குது? வருஷம் திரும்பேல்லை, என்ரை தம்பி போன துக்கம் ஆறேல்லை, உனக்கு அதுக்கிடையிலை பொரியல் கேக்குதோ?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. சரோசா அக்காவைப் பார்த்தேன். 'ஓம்' என்று சொல்லப்போகிறார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இல்லை" என்றார் அக்கா.

மங்கை அக்கா நின்றுவிட்டார்.

"எங்கை சட்டி? உள்ளுக்கை வந்து பாருங்கோ மச்சாள். எண்ணெய்ப் போத்தில் மூடியும் துறக்கேல்லை."

"அப்ப உந்த மணம்?"

"உது அவண்."

"அவணுக்கை என்ன?"

"மோர்மிளகாய்."

"மோர்மிளகாயை ஆரும் அவணுக்கை வைப்பினமோ? உனக்கென்ன விசரே?"

"வெளியிலை வைச்சு எலி திண்டால் நீங்களோ தாறது? போன வருஷம் ஒரு பை கேட்டதுக்கு, முடிஞ்சுது எண்டு சொன்னனீங்கள். உங்கடை முத்தத்திலை பாய் நிறையக் காய்ஞ்சது!"

"அது... அது மகளுக்கு அனுப்ப வைச்சது!"

"அப்ப முடிஞ்சுது எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதி மிளகாய்க்கு. கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டு அந்தச் சண்டையை ஒரு கச்சேரி மாதிரிக் கேட்டேன். என்ன சுருதி! என்ன தாளம்! அக்காவின் குரல் மதில் தாண்டிப் போயிருக்கும். கேட்க நான்தான் அந்தப் பக்கம் இல்லை.

இந்த நேரம் பார்த்து ஓட்டோ வந்து நின்றது.

கௌரி இறங்கினாள். ஒரு பெரிய சூட்கேஸ். ஓட்டோக்காரர் அதை ஒரு விரலால் தூக்கி வைத்தார். வெறும் சூட்கேஸ். அது எதற்கு வந்திருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. சண்டை அப்படியே நின்றது.

"அம்மா! வீடு எரியுதோ?"

"இல்லைப் பிள்ளை. கேக் சுடுறம்."

கண் சிவந்து, மூக்கு வடிந்து, தலை கலைந்து மூன்று கிழவிகள் கிணற்றடியில் நிற்கிறோம் — என்னையும் சேர்த்துத்தான் — ஒருத்தியின் கையில் ஒரு கிண்ணம். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

அவண் திறந்து கிடந்தது. மேல் தட்டில் கரியாகிப் போன மோர்மிளகாய். கீழ்த்தட்டில் வேப்பம்பூ வடகம், பாதி கருகி, பாதி தப்பி. மூலையில் ஒரு பிளாஸ்ரிக் அகப்பை வளைந்து, தலை குனிந்து நின்றது.

"அம்மா... நீங்கள் உதிலை ஒருநாளும் கேக் சுடேல்லையோ?"

"இண்டைக்குத்தான் சுடுறன்."

"போன தீபாவளிக்குச் சுட்டனான், நல்லா வந்தது எண்டு சொன்னனீங்கள்!"

"உன்ரை மனம் சந்தோஷப்படட்டும் எண்டு சொன்னது. நீயும்தானே நேரத்துக்குச் சாப்பிடுறன் எண்டு சொல்லுறனீ. உன்ரை மூஞ்சையைப் பார், எலும்பு தெரியுது."

கௌரி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா திரும்பவும் சண்டை பிடிக்கிறார்; சண்டைக்காரியின் பிள்ளைக்கு அது விளங்கும்.

மிச்சத்தைக் கெதியாகச் சொல்கிறேன். அவணைச் சுரண்டிக் கழுவினோம். துடைத்தோம். யன்னல்களைத் திறந்தோம். வேறு யாராவது என்றால் கேக்கை விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. முட்டை ஊற்றி அடித்தாகிவிட்டது, பழம் மசித்தாகிவிட்டது, அதைக் கொண்டுபோய் வாழையடியிலா கொட்டுவது? உள்ளே வைத்தோம். அது வேகும்வரை ரவைப் புட்டைச் சாப்பிட்டோம்.

மங்கை அக்காவும் இருந்தார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவரே கதிரையை இழுத்து இருந்துகொண்டார்.

சரோசா அக்கா சாப்பிட்டார். கதைத்துக் கதைத்து, கையை நீட்டி நீட்டி, மச்சாளின் மோர்மிளகாய்ப் பாயைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டு சாப்பிட்டார். கோப்பை முடிந்ததும் தானே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். கௌரி தன் புட்டை அளைந்துகொண்டு அதைப் பார்த்தபடி இருந்தாள். நானும் பார்த்தேன். சொன்னால் கண்பட்டுவிடும்.

கேக் வந்தது. நடுவில் கொஞ்சம் வெடித்திருந்தது, மற்றபடி நல்ல நிறம். கௌரிதான் முதலில் கடித்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

"அம்மா... கேக் உறைக்குது."

"விசர்க்கதை கதையாதை. கேக் உறைக்குமோ?"

நானும் ஒரு துண்டு வாயில் போட்டேன். உண்மைதான். முதலில் வாழைப்பழம், பிறகு சீனி, விழுங்கும்போது தொண்டையில் ஒரு சின்ன உறைப்பு. எத்தனை தரம் கழுவினாலும் அவண் மறக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அது ருசியாகத்தான் இருந்தது.

மங்கை அக்காவின் முன்னால் ஒரு துண்டை வைத்தேன்.

"எனக்கு வேண்டாம். உதிலை எண்ணெய் விட்டதோ?"

"இல்லை. மாஜரின்."

"முட்டை?"

"போட்டது."

"கேக்குக்கு முட்டை பரவாயில்லை" என்று எடுத்துக்கொண்டார்.

இது எங்கள் ஆட்களின் இன்னொரு சட்டம். அவித்தால் முட்டை மச்சம், அதாவது அசைவம். கேக்குக்குள் போனால் மச்சமில்லை. யார் தீர்த்தது, எப்போது தீர்த்தது என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரர்களில் அரைவாசிப் பேர் இந்தத் தீர்ப்பில்தான் உயிர் வாழ்கிறார்கள்.

மங்கை அக்கா அந்தத் துண்டை முடித்தார். கேட்காமலே இன்னொன்றை எடுத்து, அதையும் முடித்தார். விரலைத் துடைத்தார். மேசையை ஒருதரம் பார்த்தார்.

"சீனி கூட" என்றார்.

நான் திரும்பி மங்கை அக்காவைப் பார்த்தேன்.

அதே குரல். அதே இழுப்பு. அந்த 'கூட'வில் அதே தீர்ப்பு. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா? மதிலுக்கு அந்தப் பக்கம் காலை தோறும் நான் கேட்ட அதே இரண்டு சொல்தான், உப்புக்குப் பதில் சீனி. மங்கை அக்காவுக்கு அது தெரியாது. தான் சொன்னது யாருடைய வசனம் என்று தெரியாமல் பல்லுக்குள் ஒட்டியதை நாக்கால் துழாவிக்கொண்டு இருந்தார்.

சரோசா அக்காவின் கை கோப்பையின் மேல் நின்றது. அவர் பார்வை அவணுக்கு மேலே, அந்த மூக்குக்கண்ணாடிக்குப் போனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். கௌரியும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், பாதி எழுந்துவிட்டாள்.

"அப்ப நீங்கள் சுடுங்கோ!" என்றார் அக்கா.

கண்ணில் தண்ணீர் வந்தது. குரலில் வரவில்லை.

கௌரி மெல்ல உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. மங்கை அக்கா, "இப்ப நான் என்ன சொல்லிப்போட்டன்?" என்று எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தார்.

கொஞ்சம் பொறுத்துக் கௌரி கேட்டாள். "அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. என்னோடை வாறியளோ?"

"இல்லை."

"அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்?"

"அண்டைக்கு எனக்கு வாய் எழும்பேல்லை."

அவள் தலையாட்டினாள். வங்கியிலோ எங்கேயோ வேலை செய்கிற பிள்ளை, சும்மா விடுமா? நிபந்தனை போட்டாள். தினமும் காலைச் சாப்பாட்டைப் படமெடுத்துப் போனில் அனுப்பவேண்டுமாம்.

"புட்டை என்னத்துக்கடி படம் எடுக்கிறது? அது என்ன கலியாணப் பொம்பிளையோ?"

"நீங்கள் பொய் சொல்லுறனீங்கள் அம்மா. கேக் கதையை நான் மறக்கமாட்டன்."

அக்கா ஒத்துக்கொண்டார்.

பின்னேரம் கௌரி திரும்பிப் போனாள். வெறுமையாக வந்த அந்தச் சூட்கேஸை இரண்டு பேர் தூக்கி ஓட்டோவில் ஏற்றவேண்டியிருந்தது. அரிசிமா, மிளகாய்த்தூள், தப்பிய வடகம், உறைக்கிற கேக்கில் பாதி... அவணுக்குள் இனி எதையும் அடைத்து வைக்க முடியாது அல்லவா? அதோடு, படலையடியில் நின்று மங்கை அக்கா ஒரு பையைச் செருகினார். மோர்மிளகாய். 'முடிந்துபோன' மோர்மிளகாய்.

இப்போது சுலபமான காலைச் சாப்பாடு கேட்ட வாசகிக்கு வருகிறேன். ஒருத்திக்குப் புட்டு அவிப்பதும் நாலு பேருக்கு அவிப்பதும் ஒரே வேலைதான். கை அதற்குச் சலிப்பதில்லை. அவித்ததைக் குறை சொல்ல ஒரு ஆள் இல்லையென்றால்தான் ரவைப் புட்டும் மலையாகிவிடுகிறது. தனியாக இருக்கிறவர்களைப் பார்த்து நாங்கள் எல்லாரும் 'சாப்பிட்டீர்களா' என்றுதான் கேட்கிறோம். அவர்களும் ஓம் என்கிறார்கள். நாங்களும் நிம்மதியாகப் போய்விடுகிறோம். அந்த ஓமை நம்பாதீர்கள். உள்ளே போய் மேசையைப் பாருங்கள். முடிந்தால் உட்கார்ந்து சாப்பிட்டு, ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டு வாருங்கள்.

அவணையும் திறந்து பாருங்கள்.

மங்கை அக்கா இப்போது தினமும் காலையில் வருகிறார். எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறாராம். அப்படியே புட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். உப்பு ஒருநாள் கூட, ஒருநாள் குறைவு. என் மணிக்கூடு பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது.

நேற்று மதிலால் எட்டி, "அக்கா, உந்த மாங்கொப்பை வெட்டட்டோ?" என்று கேட்டேன்.

"கத்தியோடை வா பாப்பம்!" என்றார்.

வீட்டுக்குள் வந்து கத்தியை ஆணியில் கொளுவிவிட்டு, இன்னொரு தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். ஓடு உடைந்தால் உடையட்டும்.